முடிச்சூர் பக்கம் அரை கிரவுண்ட்: ஒரு மனையைப் பார்த்த கதை

போன ஆவணியில் என் சித்தி மகளும் அவள் வீட்டுக்காரரும் ஒரு மனைப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் நடுவில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது, கிழக்குப் பார்த்தது, முன்னால் 23 அடி ரோடு. வங்கியில் கடனுக்கு வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார்கள். தரகர் ஞாயிற்றுக்கிழமைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அப்ரூவ்டுதான் அண்ணா. நீங்க ஒரு தடவை பேப்பரைப் பார்த்துட்டு சரின்னு சொல்லிட்டா போதும்" என்றாள்.

நான் கட்டடப் பொறியாளன். தென்சென்னைப் புறநகரில் வீடு கட்டிக் கொடுப்பதும், வாங்கும் முன் மனையைப் பார்த்துச் சொல்வதும்தான் என் வேலை. பேப்பரை மட்டும் பார்த்துச் சரி சொல்ல முடியாது, இரண்டு சனிக்கிழமை கொடு என்றேன். அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. பத்து வருடமாகச் சேர்த்த பணம் அது, ஆசையும்தான்.

அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் முதலில் சொல்கிறேன். அப்ரூவல் என்பது, இந்த இடத்தில் வீடு கட்ட அரசாங்கம் விடுமா என்ற கேள்விக்கான பதில். இங்கே தண்ணீர் வருமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பார்க்க வேண்டிய காகிதம் வேறு, கேட்க வேண்டிய ஆட்களும் வேறு.

இடம்

இதில் எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. இடம் நல்ல இடம்தான். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை பக்கத்திலேயே ஏறுகிறது. தாம்பரம் ரயில் நிலையம் பைக்கில் போகும் தூரம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் வசதி. பள்ளிக்கூடம், மருத்துவமனை, காய்கறிக் கடை எல்லாம் உண்டு. வேலை நாளில் காலை எட்டரைக்கு மனையிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை மாப்பிள்ளையையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரகர் கூட்டிப்போனபோது ஆன நேரத்தைப்போல இரண்டரை மடங்கு ஆனது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது தவறில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டியது. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். அக்கம்பக்கத்து ஊர்கள்தான், ஆனால் மனை எந்த வருவாய்க் கிராமத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து தாலுகா ஆபீஸும் மாறும், வரி கட்டும் இடமும் மாறும். மழைக்காலத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

காகிதங்கள்

தாய்ப்பத்திரத்திலிருந்து கடைசி கிரயம் வரை சங்கிலி அறுபடாமல் இருந்தது. 30 வருட வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று இருந்தது, அதற்கான ரசீதும் பதிவாகியிருந்தது. பட்டா விற்பவர் பெயரிலேயே, உட்பிரிவு எண்ணோடு. வங்கியின் வக்கீல் பார்ப்பது இவ்வளவுதான். அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருந்தார்.

அப்புறம், ஒரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடத்தை எடுத்தேன். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் எடுத்துக் கோப்பில் சொருகிவிடுவார்கள். நான் சுற்றியிருக்கிற சர்வே எண்களுக்கும் சேர்த்து எடுத்து, மேஜையில் ஒன்றோடு ஒன்று பொருத்தி வைத்துப் பார்ப்பேன். எல்லாம் அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கிறது. மகள் விளையாடும் துண்டுப்பட விளையாட்டைப் போலத்தான். எட்டு தாள்களை ஒட்டியதும், மனைக்குத் தெற்கே இரண்டு மனை தள்ளி, மேற்கிலிருந்து கிழக்கே ஒரு இரட்டைக்கோடு ஓடுவது தெரிந்தது. அந்த எண்ணை, எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கிற அ-பதிவேட்டில் பார்த்தால், சர்க்கார் புறம்போக்கு, வாய்க்கால். அளவுகோல் வைத்துப் பார்த்தால் அகலம் சுமார் 4 மீட்டர்.

தரகர் கொடுத்த வண்ண மனைப்படத்தில் அந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. பூங்கா போலும் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

புறம்போக்கு வாய்க்கால் என்றால் பதிவேட்டிலாவது தெரியும். வயலுக்கு வயல் தண்ணீர் கொண்டுபோன பட்டா வாய்க்கால்கள் எந்த வரைபடத்திலும் தனியாக வராது. நிலத்துக்காரர்கள் தங்களுக்குள் விட்டுக்கொண்ட வழி அது. பிளாட் போட்ட அன்றே மண்ணுக்குள் போய்விடும். இந்த மனை முன்பு நஞ்சை. நஞ்சை என்று பதிவேட்டில் பார்த்தாலே நான் இரண்டு கேள்வி கேட்பேன்: எந்த ஏரியின் ஆயக்கட்டு, அதாவது எந்த ஏரிப் பாசனத்தில் இருந்த நிலம், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் வடிந்தது. நெல் விளைந்த நிலத்துக்குத் தண்ணீர் தானாகவே வந்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்.

அப்ரூவல் என்ற சொல்

விளம்பரத் தாளில் 'சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. சி.எம்.டி.ஏ. என்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அப்ரூவல் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான், அது 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்ட மனை என்று தெரிந்தது. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

இதன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதைத் தொடர்ந்து 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 20.10.2016-க்கு முன் பிரித்து விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்து கொடுத்தார்கள். நீர்நிலையில் விழுந்த மனைகளுக்கு இது கிடையாது. பல்லாயிரம் குடும்பங்கள் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தன, அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதனால் இந்தத் திட்டத்தையே நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வாங்குகிறவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கிய மனைப்பிரிவில், வரைபடம் போடும்போதே ரோடு எவ்வளவு அகலம், மழைநீர் எங்கே போகும், பொது இடம் எங்கே என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருப்பார். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். ஏரி, கால்வாய் பக்கம் என்றால் பொதுப்பணித் துறையாக இருந்து இப்போது நீர்வளத் துறையாகியிருக்கிற அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு நிலத்தை ஏற்ற வேண்டும் என்று அதில் எழுதித் தருவார்கள். வரன்முறை என்பதோ, ஏற்கெனவே பிரித்து விற்றுவிட்டதை அப்படியே ஏற்றுக்கொள்வது. யாரோ ஒருவர் 90-களில் கயிறு கட்டிக் கல் நட்டதுதான் இன்றைக்கும் வரைபடம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'ரிஜிஸ்டர் ஆகுது சார், அப்புறம் என்ன' என்பார்கள். முன்பே ஒருமுறை வீட்டுமனையாகப் பதிவான இடம் என்றால், அங்கீகாரம் இல்லாவிட்டாலும் மறுவிற்பனை பதிவாகும். சட்டத்தில் அப்படி விலக்கு இருக்கிறது. பதிவானதால் மட்டும் கட்டட அனுமதி கிடைத்துவிடாது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று தலைவர் முத்திரை குத்திய மனைப்படம் இன்னும் நிறைய பேர் பீரோவில் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அது அனுமதியே ஆகாது.

இந்த மனைக்கு வருவோம். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்திருக்கும் சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் இந்தச் சர்வே எண் குடியிருப்புப் பகுதி என்றே இருந்தது. சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமம், சர்வே எண் போட்டால் காட்டும். அந்தத் திட்டத்துக்கு 2026 வரைதான் ஆயுள். அடுத்த இருபது வருடத்துக்கான மூன்றாவது திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. மனைக்குப் பின்னால் இருக்கிற காலி நிலம் இன்றுபோலவே காலியாக இருக்கும் என்று நம்பி ஜன்னல் வைக்கக் கூடாது என்று தங்கையிடம் சொன்னேன்.

கட்டட விதிகளில் சிக்கல் இல்லை. 2019 ஒருங்கிணைந்த விதிகளின்படி எஃப்.எஸ்.ஐ. 2. மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு இது, அதாவது 2,400 சதுர அடி வரை கட்டலாம். கேட்கும்போது பெரிதாகத் தெரியும். முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் விட வேண்டியதை விட்டால் ஒரு தளத்துக்கு 750 சதுர அடிதான் தேறியது. தரைத்தளமும் முதல் தளமும் கட்டினால் 1,500. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம். ஆனால் அந்த முறையில் யாரும் நேரில் வந்து மனையைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுப்பதில்லை. வாய்க்கால் இருக்கிறதா, பள்ளமா மேடா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது.

நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் வரும் மனைக்கு விதிகளில் தனிக் கட்டுப்பாடு உண்டு. வரைபடத்தில் அளந்தால் இந்த மனை வாய்க்காலிலிருந்து 22 மீட்டர். ஆக, சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. முதல் சனிக்கிழமை இப்படி முடிந்தது.

தண்ணீர்

இரண்டாவது சனிக்கிழமை கொத்தனார் ஒருவரையும் டியூப் லெவலையும் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ரப்பர் குழாய், அவ்வளவுதான். ஒரு முனையை ஒருவர் பிடிக்க, இன்னொரு முனையை அடுத்தவர் பிடித்தால், இரண்டு இடத்தின் மட்டமும் தெரிந்துவிடும். செயற்கைக்கோள் உயரப்படங்களை வைத்து மனை உயரம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் படங்களில் சில மீட்டர் வரை பிழை வரும். வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை ஒரு அடி, இரண்டு அடிதான் முடிவு செய்கிறது. அதற்கு அந்தப் படங்கள் உதவாது. பழைய செயற்கைக்கோள் புகைப்படங்கள் உதவும். பதினைந்து, இருபது வருடத்துக்கு முந்தைய படத்தில் இந்த இடத்தில் வயல்வரப்புகளும், நடுவே வாய்க்காலின் கறுத்த கோடும் தெளிவாகவே தெரிந்தன.

தெருவில் இறங்கியதும் முதலில் நான் பார்ப்பது மின்மீட்டர் பெட்டிகளை. அந்தத் தெருவில் ஏழு வீட்டில் ஐந்து வீடுகளுக்கு மீட்டர் பெட்டி தலைக்கு மேலே இருந்தது. ரீடிங் எடுக்க வருகிறவர் எட்டிப் பார்க்க வேண்டிய உயரம். யாரும் வசதிக்காக மீட்டரை அங்கே கொண்டுபோய் வைக்க மாட்டார்கள்.

மனைக்கு நேர் எதிர்வீட்டு அம்மாவிடம், மனை வாங்கப்போகிறோம், மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தோம் என்றேன். "உள்ள வாங்க தம்பி" என்று கூட்டிப்போய்க் காட்டினார். சமையலறையில் செங்கல் வைத்து மூன்றடிக்கு ஒரு திண்ணை கட்டி, அதன்மேல் கிரைண்டர். மாவாட்ட ஒரு முக்காலியில் ஏறி நிற்கிறார். ஹாலில் சுவிட்ச் போர்டுகள் எல்லாம் நெஞ்சுக்கு மேலே. கீழே பழைய போர்டுகள் இருந்த இடங்களைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது. வெளிச்சுவரில் கேட்டுக்குப் பக்கத்தில், ஆணியால் கீறிய ஒரு கோடு. 2015-இல் தண்ணீர் நின்ற உயரம். அவர் மகன் மறக்கக் கூடாது என்று கீறி வைத்தாராம். அவர்கள் வெள்ளையடிக்கும்போதுகூட அந்தக் கோட்டை விட்டுவிட்டு அடிக்கிறார்கள்.

"நவம்பர்லேயே ஒரு தடவை வந்து வடிஞ்சுது. துடைச்சு முடிச்சோம். டிசம்பர் ஒண்ணாந் தேதி ராத்திரி வந்ததுதான்... முதல்ல கட்டில் மேல ஏறினோம், அப்புறம் மொட்டை மாடி. ரெண்டு நாள் அங்கதான். இப்ப மழை பிடிச்சாலே காரை அவுட்டர் ரிங் ரோடு பக்கம் மேட்டுல கொண்டுபோய் விட்டுடுறோம்."

2021-லும் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது முழங்காலுக்கு மேல். தரையை அதற்குள் ஏற்றிக் கட்டியிருந்ததால் ஹாலுக்குள் வரவில்லை.

அந்தக் கோட்டிலிருந்து ரோட்டுக்கு அளந்தோம். 5 அடி 4 அங்குலம். அப்புறம் டியூப் லெவலை ரோட்டைக் கடந்து மனைக்குக் கொண்டுபோனோம். மனையின் தரை ரோட்டைவிட 1 அடி 9 அங்குலம் பள்ளம். கூட்டினால் 7 அடி 1 அங்குலம். மாப்பிள்ளை ஆறடி உயரம். மனை நடுவில் போய் நின்று கையைத் தூக்கி அந்த உயரத்தைக் காட்டினார். தங்கை எதுவும் பேசவில்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 'அது செம்பரம்பாக்கம் திறந்ததால வந்தது சார், இனிமே அப்படித் திறக்க மாட்டாங்க' என்று தரகர் சொன்னார், நிறைய பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தொடக்கப் பகுதியில் இருக்கின்றன. சைதாப்பேட்டையையும் ஜாபர்கான்பேட்டையையும் மூழ்கடித்த தண்ணீரில் செம்பரம்பாக்கத்துக்குப் பங்கு உண்டு. இந்தத் தெருவுக்கு வந்த தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம் என்று மேற்கேயும் தெற்கேயும் சங்கிலியாக இருக்கிற ஏரிகளின் உபரி. அந்த ஏரிகளுக்குப் பெரும்பாலும் ஷட்டர் கிடையாது, கலங்கல்தான். நிரம்பினால் தானாக வழியும். யாரும் திறக்காமலேயே தண்ணீர் வரும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏற்கெனவே நவம்பரில் நிரம்பி நின்ற ஏரிகளின்மேல் அது விழுந்தது.

(மணிமங்கலம் என்றதும் ஞாபகம் வருகிறது. நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியோடு மோதிய களங்களில் ஒன்று அது. 1,300 வருடத்துக்கு மேலாக அங்கே ஊர் இருக்கிறது. அந்தப் பழைய ஊர்களின் நத்தத்தை, அதாவது குடியிருப்பு இடத்தைப் பாருங்கள், கோயிலும் தெருவும் எப்போதும் மேட்டில் இருக்கும். பள்ளத்தை வயலுக்கும் ஏரிக்கும் விட்டுவிட்டார்கள். மனை பார்க்கப் போனால் நான் பழைய கோயில் தெருவிலிருந்து மனை வரை நடந்து போவேன். எத்தனை இடத்தில் இறங்குகிறோம் என்று கால் சொல்லிவிடும்.)

2015-க்கு அப்புறம் அரசு நிறைய செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வரதராஜபுரம் பக்கம் அடையாற்றை அகலப்படுத்திக் கரை உயர்த்தினார்கள். மூடு கால்வாய்கள் போட்டார்கள். ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டும் வேலையை எடுத்தார்கள். 2015 அளவுக்கு மறுபடி மழை பெய்தாலும் அதே உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரையை உயர்த்தினால் ஆற்று நீர் தெருவுக்கு வராது என்பதோடு, தெருவில் விழுந்த மழை ஆற்றுக்குள் போகவும் ஒரு வழி வேண்டும். ஆறு உயர்ந்து ஓடும் நேரத்தில் அந்த வழி அடைபடும். இந்தத் தெருவுக்கு அந்த வழி, நான் வரைபடத்தில் பார்த்த அந்த 4 மீட்டர் வாய்க்கால்தான்.

அதைத் தேடிப் போனோம். 23 அடி ரோடு ஒரு காம்பவுண்ட் சுவரில் போய் முட்டியது. சுவருக்குப் பின்னால் கோரையும் ஆகாயத்தாமரையும், நடுவில் அசையாத கறுப்புத் தண்ணீர். அடுத்த தெரு அதைக் கடக்கும் இடத்தில் குனிந்து பார்த்தேன். ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய், 2 அடி விட்டம். பாதி மண் அடைத்திருந்தது. கொத்தனார் கையை விட்டுப் பார்த்து ஒரு பழைய சாக்கை வெளியே இழுத்தார். பதிவேட்டில் 4 மீட்டர் அகலம், தரையில் 2 அடிக் குழாயில் பாதி.

இந்த மனையைப் பற்றி என் மனது மாறியது அங்கேதான். ஆறு என்றைக்கோ ஒருநாள் பெருகும், ஆனால் இந்தக் குழாய் ஒவ்வொரு ஐப்பசியிலும் அடைத்துக்கொள்ளும்.

கட்டினால் என்ன ஆகும்

மனை விலை சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அதனால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், பாதுகாப்பாகக் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

மண் ஏற்றுவது முதல் யோசனை. பள்ளம் 1 அடி 9 அங்குலம், ரோட்டுக்கு மேலே 2 அடி, ஆக 3 அடி 9 அங்குலம். 1,200 சதுர அடிக்கு 4,500 கன அடி, அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 45 யூனிட். தண்ணீர் விட்டு இடித்தால் மண் அமுங்கும், அதற்குக் கால்வாசி கூடுதல். ஆறு மாதமாவது ஒரு மழையைப் பார்க்க விட வேண்டும், இல்லாவிட்டால் தரை இறங்கும். இத்தனையும் செய்தால் 2023 மாதிரி மழையைத் தாங்கும். 2015 மாதிரி வந்தால் ஹாலில் மூன்றடி நிற்கும். இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. நாம் ஏற்றிய மண்ணின் இடத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் எதிர்வீட்டு அம்மாவின் முக்காலிக்குப் போகும். அந்தத் தெருவில் அப்படி ஒவ்வொருவராக ஏற்றி, ரோடும் ஒவ்வொரு முறை போடும்போது ஏறி, முதலில் வந்தவர்கள்தான் இப்போது பள்ளத்தில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, தூண்கள்மேல் வீடு. கீழே பார்க்கிங் மட்டும். தண்ணீர் அடியில் புகுந்து போகும், பக்கத்து வீட்டுக்கும் கெடுதல் குறைவு. நான் கட்டினால் இப்படித்தான் கட்டுவேன். பார்க்கிங் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. ஆனால் 1,500 சதுர அடி வீடு வேண்டுமென்றால் அதற்கு மேலே இரண்டு மாடி. 2024-இல் வந்தபோது சுயசான்று முறை தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டுக்குத்தான் இருந்தது என்பதால், இதற்கு வழக்கமான அனுமதிக்கும் தயாராக இருக்க வேண்டும். கீழே வயல் களிமண். மண் பரிசோதனை செய்யாமல் சாதாரண அஸ்திவாரம் போட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், பைல், அதாவது ஆழத்துக்கு இறக்கும் தூண் அஸ்திவாரம், போட வேண்டிவரலாம். தங்கையின் மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். அந்த ஒரு விஷயத்தை என் கணக்குத் தாளில் எந்த வரியில் எழுதுவது?

அந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். வெள்ளத்தில் செப்டிக் டேங்கும் குடிநீர்த் தொட்டியும் ஒரே தண்ணீருக்குள் போகும். தொட்டியின் மூடியை வெள்ளக்கோட்டுக்கு மேலே கொண்டுவர வேண்டும், போர்வெல்லின் கேசிங் பைப்பையும் அப்படியே. இதெல்லாம் கட்டும்போதே செய்தால் சில ஆயிரம்தான். பிறகு செய்தால் தரையை உடைக்க வேண்டும்.

காப்பீடு பற்றியும் கேட்டார்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும், வீட்டுச் சாமான்களுக்கும் ஓரளவு வரும். எங்கே வீடு வாங்கினாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டடத்துக்குப் பணம் வரும், ஆனால் மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்ததற்கு எதுவும் வராது.

மனை விலை, 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், தூண், பைல், கூடுதல் மாடி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தோம். விலையில் கிடைத்த லாபம் அஸ்திவாரத்திலேயே கரைந்துபோனது.

எடுத்த முடிவு

வேண்டாம் என்று தங்கைதான் முதலில் சொன்னாள். கிழக்கு வாசல் போனதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

தரகரிடம் நான் காரணத்தை மறைக்கவில்லை. ஒட்டிய வரைபடத்தின் நகலையும் குழாயின் போட்டோவையும் கொடுத்து, அடுத்து வருகிறவருக்குக் காட்டுங்கள் என்றேன். தலையாட்டினார். மூன்று மாதத்தில் மனை விற்றுவிட்டது. காட்டினாரா என்று தெரியாது. வாங்கியவர்கள் தூண் வைத்தாவது கட்ட வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது. வாய்க்காலைத் தூர்வாரி, அந்தக் குழாயை எடுத்துவிட்டு முழு அகலத்துக்குச் சிறுபாலம் போடச் சொல்லி, சர்வே எண், அளவு, போட்டோவோடு நீர்வளத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் மனு எழுதி, எதிர்வீட்டு அம்மாவிடமும் தெருக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். ரசீது எண் அவர் மகனிடம் இருக்கிறது.

இவர்களுக்கு வேறு இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதே வட்டாரத்தில் பழைய ஊர்த் தெருவுக்குப் பக்கத்தில், முறைப்படி அனுமதி வாங்கிய பழைய மனைப்பிரிவில் 900 சதுர அடி, மேலே ஒரு தளம் எடுக்கலாம் என்ற நிலையில் ஒரு ஓட்டை உடைசல் வீட்டோடு. வெளிவட்டச் சாலை இன்னும் கொஞ்சம் தூரம். வாசல் வடக்கு. இங்கேயும் எட்டு சர்வே எண்களின் வரைபடத்தை ஒட்டிப் பார்த்தேன், மீட்டர் பெட்டிகளைப் பார்த்தேன், எல்லாம் இடுப்புக்குச் சற்று மேலே, ஆரம்பத்தில் வைத்த இடத்திலேயே இருந்தன. மூன்று வீட்டில் கேட்டோம். 2015-இல் வாசல்படி வரை வந்து நின்றது என்று மூவரும் ஒரே படியைக் காட்டினார்கள்.

அதற்கு அப்புறமும் அட்வான்ஸ் கொடுக்க விடவில்லை. ஐப்பசி மழை ஒன்று நன்றாகப் பிடிக்கட்டும் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நல்ல மழை பிடித்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு அந்தத் தெருமுனையில் இருக்கிற டீக்கடைக் கூரைக்கு அடியில் போய் நின்றோம். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தெருவில் ஓடியது. மழை விட்டதும் கடிகாரத்தைப் பார்த்தோம். பதினெட்டு நிமிடத்தில் தார் ரோடு தெரிந்தது. தண்ணீர் போன வழியே டார்ச் அடித்துக்கொண்டு நடந்தோம். இரண்டு தெரு தள்ளி ஒரு கால்வாயில் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. அதன் மேலிருந்த சிறுபாலத்தில் நின்றுகொண்டுதான் மாப்பிள்ளை கேட்டார், "அண்ணா, நாளைக்குக் காலைல விலை பேசிடலாமா?"